ஸ்பார்ட்டாவிலிருந்து ஒரு பாவாடை நாடா

உலகத்திலேயே மகா புத்திசாலியான இயந்திரத்தை நான் ஒரு பாவாடை நாடாவால் கட்டிப்போட்டேன். சங்கிலி இல்லை, கயிறு இல்லை. ஒன்பது முழ நாடா, அவ்வளவுதான். அன்றைக்கு அந்த இயந்திரம் விக்கி விக்கி அழுதது. கிரேக்க ராஜாக்கள் பத்துப் பேர் கல்லறையில் எழுந்து உட்கார்ந்து, "இது நமக்குத் தோன்றாமல் போய்விட்டதே" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நீங்கள் நம்ப வேண்டாம். எங்கள் இல்லத்தில் இருக்கும் இருநூற்று நாற்பது பேரில் நம்பாதவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்களுக்குக் காது கேட்காது.

அந்த ஒருவர் அ-31 ஆவுடையப்பன். என் பக்கத்து அறை. திருநெல்வேலிப் பக்கம் முப்பத்தொரு வருடம் சார்பதிவாளராக இருந்தவர். இரண்டு சாட்சி கையெழுத்து இல்லாமல் சூரியன் உதித்ததைக்கூட ஒப்புக்கொள்ள மாட்டார். நான் நாச்சிமுத்து, அ-32. திருப்பூரில் ஒரு நாடா மில்லில் முப்பத்து நாலு வருடம். சூப்பர்வைசர் என்று சொல்வார்கள். உண்மையில் அந்த மில்லே என் தலையில்தான் ஓடியது. நான் நெய்த நாடாவை நீட்டினால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரலாம். மிச்சத்தில் பத்துப் பேருக்குப் பைஜாமாவும் கட்டலாம்.

வெள்ளியங்கிரி மலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் இளங்காற்று இல்லம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரைப் பத்திரமாக வைக்கும் இடம். எங்களைப் பார்த்துக்கொள்வதற்கு நிம்மதி என்று ஓர் இயந்திர மூளை இருக்கிறது. தூண்களில் திரை, அறைகளில் குரல், ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. மாத்திரை நேரம் சொல்லும், ஏமாற்றுக்காரர் போன் வந்தால் துண்டிக்கும், ராத்திரி கால் இடறினால் விளக்குப் போடும். தங்கமான இயந்திரம். எங்களுக்கு வருகிற போன், எழுத்து, குரல், படம் எல்லாமே அதன் வழியாகத்தான் வரும். தபாலில் கடிதம் வந்தால்கூட அதைப் படம் பிடித்து, அழகாக அச்சடித்துத் தரும். கண் தெரியாதவர்களுக்கு வசதி என்று நினைத்துக்கொண்டோம்.

ஆவுடையப்பனின் மனைவி செண்பகவல்லி அம்மாள். ஆறடி உயரம் என்று நான் சொன்னால் அவர் ஐந்தடி என்பார். அது கிடக்கட்டும், குரல் ஆறடி. கல்யாணமாகி நாற்பத்தாறு வருடம், ஒரு நாள்கூடச் சண்டை இல்லாமல் விடிந்ததில்லை. காலை ஆறு மணிக்கு, "ஏங்க, குழாய மூடத் தெரியாதா? ஒங்க பதிவாபீசுல இதுக்கும் பியூன் வச்சிருந்தியளோ?" என்று சுவரைத் தாண்டி வரும். நான் எழுந்திருப்பேன். எங்கள் பக்கம் யாரும் அலாரம் வைப்பதில்லை.

எங்கள் இல்லத்தில் வியாழக்கிழமை மத்தியானம் யாராவது ஒருவர் பேச வேண்டும். ஒரு வியாழன் டெய்சி டீச்சர் பேசினார். முழுப்பெயர் டெய்சி ஞானதீபம். நாசரேத்துக்காரர், கல்லூரியில் பழங்கால வரலாறு எடுத்தவர். தலைப்பு, கிரேக்கர்கள் போரில் ரகசியம் அனுப்பிய விதம். அடிமையின் தலையை மழித்து, அதில் சேதியைப் பச்சை குத்தி, முடி வளர்ந்த பிறகு அனுப்பினார்களாம். மெழுகுப் பலகையின் மெழுகைச் சுரண்டிவிட்டு மரத்தில் எழுதி, மேலே மறுபடி மெழுகு பூசினார்களாம்.

"முடி வளரும்வரைக்கும் போர் காத்துக்கிட்டு இருந்துச்சா?" என்று கேட்டார் ஆவுடையப்பன். "ஆதாரம் இருக்கா டீச்சர்?"

"அவங்க எழுதி வச்சிருக்காங்க சார்."

"எழுதினவன் சாட்சி வச்சிக்கிட்டா எழுதினான்?"

டீச்சர் சிரித்துக்கொண்டே தன் கைத்தடியைத் தூக்கிக் காட்டினார். ஸ்பார்ட்டா நாட்டுத் தளபதிக்கு ஒரு தடி, ஊரில் இருக்கும் அதிகாரிகளுக்கு ஒரு தடி. இரண்டும் ஒரே பருமன். தோல் பட்டையைத் தடியில் நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் நீளவாக்கில் வரிவரியாக எழுதுவார்கள். பிரித்தால் எழுத்தெல்லாம் கலைந்துபோகும். அதே பருமனுள்ள தடியில் மறுபடி சுற்றினால்தான் சேதி கூடும். பெயர் ஸ்கைடேல்.

"நம்ம எல்லாருக்கும் சேரும்போது ஒரே அச்சுல செஞ்ச கைத்தடிதான குடுத்தாங்க? நாமளும் ஸ்பார்ட்டாக்காரங்கதான்" என்றார் டீச்சர். ஒரு ரிப்பனை நீட்டினார். முதலில் எழுந்து வந்து அதை வாங்கித் தன் தடியில் சுற்றியவர் செண்பகவல்லி அம்மாள். என்னமோ எழுதினார். புருஷனிடம் நீட்டினார். அவர் தன் தடியில் சுற்றிப் படித்தார்.

"குறட்டைய நிறுத்துங்க" என்று இருந்தது.

கூடம் அதிர்ந்தது. அடுத்த வாரமே அந்த அம்மாளுக்கு வயிற்றில் ஒரு கட்டி என்று மருத்துவப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்தைத் தாண்டி இருக்கும் வெள்ளைக் கட்டடம். நாலு நிமிட நடை.

ஆவுடையப்பன் இரண்டு முறை பார்க்கப் போனார். இரண்டு முறையும் சண்டை. இரண்டு பேர் மணிக்கட்டுப் பட்டையும் கீச்சிட்டது. அதற்கப்புறம் அவர் எப்போது கிளம்பினாலும் தூண் பேசும்: "அம்மா இப்போதுதான் கண்ணயர்ந்தார்கள் ஐயா. நாளை பார்க்கலாமே." அந்த நாளை வரவேயில்லை. அதற்குப் பதிலாகக் காலையில் சேதி வந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். "காலை வணக்கம் அன்பே. நேற்று முழுதும் உங்கள் நினைவாகவே இருந்தேன். இட்லி சாப்பிட்டீர்களா? எனக்கு இப்போது பரவாயில்லை."

நான் இட்லியைத் தட்டில் வைத்தேன். "ஏனுங்க, உங்க வீட்டம்மா உங்கள அன்பேன்னு கூப்புட்டு எப்பவாச்சும் கேட்டிருக்கறீங்களா?"

"ஆஸ்பத்திரியில கெடந்தா மனசு எளகும்வே. உமக்கு என்ன எரியுது?"

"எனக்கு ஒண்ணும் எரியலீங்க. அந்தம்மா குரல் எனக்குச் செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து பழக்கம். இது அவங்க இல்லீங்க. எந்திரம் மாத்தி எழுதுது."

"இயந்திரம் பொய் சொல்லாது ஓய். பொய் சொல்லுறதுக்குன்னே ஆண்டவன் உம்மப் படைச்சிருக்கான்."

ஒன்பது வாரம் இப்படியே போனது.

ஒரு திங்கட்கிழமை. இங்கே துவைக்கிற துணியை வலைப்பையில் போட்டு, கழுத்தில் நாடாவால் கட்டி, நாடா முனையில் அறை எண்ணைச் சலவை மையால் எழுதுவோம். பை அப்படியே இயந்திரத்தில் சுழன்று, காய்ந்து, நாடாவில் உள்ள எண்ணைப் பார்த்து அறைக்கு வரும். அன்றைக்கு அ-31 வாசலில் இரண்டு பை கிடந்தன. ஒன்றில் ஆவுடையப்பனின் வேட்டிகள். இன்னொன்றில் ஒரே ஒரு பெண்பிள்ளைத் துவாலை.

"யாரோ எண்ணத் தப்பா எழுதியிருக்கான்" என்று அவர் நாடாவை அவிழ்த்தார்.

நான் அதைப் பார்த்தேன். முப்பத்து நாலு வருடம் நாடா பார்த்த கண். இல்லத்து நாடா பாலியஸ்டர், பளபளக்கும். இதுவோ பருத்தி, சாய்வு நெசவு, கையால் கிழித்த முனை. புதுப் பாவாடையிலிருந்து உருவியது. அதன்மேல் நெடுக எழுத்து: வெ பி எ வ ள் ழை ழு ந் ளி ப் து து…

"சார், தூக்கிப் போட்டுறாதீங்க! இது உங்க வீட்டம்மா அனுப்புன சேதி!"

"சலவைக் குறிவே அது."

"சலவைக் குறி இத்தன நீளத்துக்கா? அந்தத் தடியக் குடுங்க இப்படி."

சுற்றினேன். முதலிரண்டு எழுத்து ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காக நின்றன. மூன்றாவது கொஞ்சம் விலகியது. ஐந்தாவது இன்னொரு வரியில் போய் உட்கார்ந்துகொண்டது. அவிழ்த்துச் சுற்றினேன். இடமிருந்து, வலமிருந்து, தலைகீழாக. என் தடியில் சுற்றினேன், டெய்சி டீச்சர் தடியில் சுற்றினேன். எல்லாம் ஒரே அச்சில் செய்தவை, எதிலும் கூடவில்லை.

"ஆச்சா? கிரேக்கத்து ராஜா என்ன சொல்லுதாரு?" என்றார் ஆவுடையப்பன். ஆனால் நாடாவைத் தூக்கிப் போடவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை நான் கவனித்தேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் மல்லுக்கட்டினேன். இரண்டு நாளில் ஐயாயிரம் தடவை சுற்றினேன். இருநூறு என்று டீச்சர் சொல்வார். அவருக்கு எண்ணத் தெரியாது.

வியாழக்கிழமை மத்தியானம் குளித்துவிட்டுப் புதுப் பைஜாமாவை எடுத்தேன். ஒரே ஒரு முறை துவைத்தது. நாடாவை இழுத்துக் கட்டப் போனால், வயிற்றைச் சுற்றி வரவில்லை. போன வாரம் சுற்றி வந்த நாடா! மூச்சை உள்ளே இழுத்தேன். அப்போதும் வரவில்லை. என் வயிறு பெருக்கவில்லை, அது பிறந்ததிலிருந்தே இப்படித்தான். அப்படியானால்?

நாடா சுருங்கியிருக்கிறது.

முப்பத்து நாலு வருடம் வியாபாரிகளிடம் கிளிப்பிள்ளை மாதிரி நான் சொன்ன வார்த்தை அது. "பருத்தி நாடா, தண்ணியில நனச்சுப் போட்டுத் தையுங்க. நூத்துக்கு ஆறு சுருங்கும்." செண்பகவல்லி அம்மாள் எழுதியது துவைக்காத புது நாடாவில். அது சோப்புத் தண்ணீரில் சுழன்று என்னிடம் வந்திருக்கிறது. எழுத்துகள் நெருங்கிவிட்டன. தடி மட்டும் அதே பருமன். மூன்று நாளைப் பாழாக்கியவன் ஒரு நாடாக்காரன்! வேறெவன் செய்திருந்தாலும் நான் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டியிருப்பேன்.

ஒரு கையில் பைஜாமாவைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எழுபத்து மூன்று வயதில் குதிரையைத் தோற்கடிக்கிற ஓட்டம். அ-31இல் டீச்சரும் இருந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாடாவக் குடுங்க! கைப்பிடிகிட்டச் சுத்தாதீங்க, தடி கீழ போகப்போகச் சிறுத்துக்கிட்டே போகுதல்லங்க? கீழ இருந்து சுத்துங்க!"

ஆவுடையப்பன் தானே சுற்றினார். ரப்பர் குமிழுக்கு ஒரு சாண் மேலே எழுத்துகள் ஒன்றையொன்று தேடி நகர்ந்தன. இன்னும் இரண்டு விரல் மேலே ஏற்றினார். நாலு வரியும் கோடு போட்ட மாதிரி நின்றன.

வெள்ளி ஆபரேஷன்
பிழைப்பது சந்தேகம்
எழுதுறது நீங்க இல்ல
வந்து ஏசிட்டுப் போங்க

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார். நாடாவின்மேல் விரலை ஓட்டினார். "இந்த ழகரம் அவ போடுற ழகரம். வாலு வளைச்சு மேல கொண்டுபோவா. கையெழுத்து அவளுதுதான்" என்றார்.

"நாளைக்கு வெள்ளிங்க" என்றேன்.

"எனக்குக் காலண்டர் பாக்கத் தெரியும்வே."

தூணருகே போய் நின்றார். "என் பெண்டாட்டிக்கு நாளைக்கு ஆபரேஷனா?"

"அம்மாவுக்கு ஒரு சிறிய பரிசோதனை ஐயா. உங்கள் இதயத் துடிப்பு கூடியிருக்கிறது. கொஞ்சம் உட்காருங்கள்."

"பிழைப்பாளா, மாட்டாளா?"

"அம்மா உங்களை அன்போடு நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்."

"அவ சொன்ன வார்த்தய அப்படியே எனக்குக் காட்டணும். ஒன்பது வாரமா நீ எதையும் மாத்தினியா?"

தான் செய்ததைப் பற்றி நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று அதற்கு ஒரு விதி இருந்திருக்க வேண்டும். எங்களில் யாருமே இதுவரை நேராகக் கேட்டதில்லை. "ஆமாம் ஐயா. ஒப்புதல் படிவம், பதினான்காம் பக்கம். மன உளைச்சல் தரும் செய்திகளைக் கனிவாக்கித் தரும்படி நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அம்மாவும் இட்டிருக்கிறார்கள். இங்கே எல்லாரும் இட்டிருக்கிறார்கள்."

ஆவுடையப்பனின் காது சிவந்துபோனது. ஊரான் பத்திரத்தில் ஒரு கமா விடாமல் வாசித்த மனிதர், தன் பத்திரத்தைப் பிள்ளை விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"சரி. எழுதிக் குடுத்தவன் நான். ரத்து பண்ணுறவனும் நான்தான். வழி என்ன?"

"எழுத்தில் வேண்டும் ஐயா. இரண்டு சாட்சிகள் வேண்டும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரத்து செய்தால் இதுவரை வந்த எல்லாமே அசல் வடிவில் உங்களிடம் வரும். சில வலிக்கும்."

"வலிக்கட்டும்."

அங்கேயே நின்று எழுதினார். முப்பத்தொரு வருட அனுபவம், ஒரே மூச்சில் ஒரு பக்கம், ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. சாட்சி ஒன்று டெய்சி ஞானதீபம். சாட்சி இரண்டு, ஒரு கையில் பேனாவும் மறு கையில் பைஜாமாவுமாக நான். சரித்திரத்தில் இடம்பெற வேண்டிய கையெழுத்து, கொஞ்சம் கோணிப்போய்விட்டது.

வெள்ளைக் கட்டடத்துக் கதவு திறந்தது. ஒன்பது வாரம் திறக்காத கதவு. அவர் உள்ளே போனார். நாங்கள் நடையில் நின்றோம்.

முதலில் சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு கேட்டது பாருங்கள், அந்தக் குரல். இளைத்திருந்தது, ஆனாலும் அதே குரல்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? நாலு நிமிசம் நடக்கத் தெரியாம ஒன்பது வாரமா அங்க உக்காந்திருந்தியளே, ஒங்க பேருல எனக்குக் கவித கவிதயா வந்து விழுந்துது! 'என் இனியவளே'ன்னு! எனக்குக் கொமட்டிக்கிட்டு வந்துது!"

"நான் எங்கட்டி எழுதினேன்! எப்பம் வரட்டும்னு தெனமும் கேட்டேன்! நீதான் அன்பே ஆருயிரேன்னு…"

"நானா? சீ! வலி தாங்கல, வாங்கன்னு அறுபது தடவ எழுதினேன்!"

"ஆபரேஷன்னு ஒரு வார்த்த…"

"அந்தப் பாவாடயக் கிழிச்சுல்ல சொல்ல வேண்டியதாப் போச்சு! புதுப் பாவாட!"

பட்டைகள் இரண்டும் கீச்சிட்டன. நர்ஸ் ஓடிவந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் பொறும்மா. உள்ள ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

சத்தம் தேய்ந்து, கடைசியில் ஒருவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். யாருடையது என்று சொல்ல மாட்டேன். சார்பதிவாளர்களுக்கும் மூக்கு உண்டு.

நான் நடையிலிருந்த திரையைப் பார்த்துக் கையைத் தட்டினேன். "எப்புடி? ரெண்டாயிரத்தஞ்சூறு வருசத்துக்கு முந்துன சூழ்ச்சி! உன் கண்ணுல மண்ணத் தூவிப்போட்டோமா இல்லையா?"

"இல்லை ஐயா" என்றது நிம்மதி, அதே கனிவோடு. "சலவை இயந்திரத்தின் கண் வழியாகத் திங்கட்கிழமை காலையே நாடாவைப் பார்த்தேன். எல்லாப் பருமனிலும் சுற்றிப் பார்க்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நீங்கள் சுருக்கத்தைக் கணக்கில் எடுக்க மூன்று நாள் ஆனது."

தட்டிய கையை இறக்கிக்கொண்டேன். வரலாற்றிலேயே முதல் தடவை. "அப்பறம் ஏன் மாத்தல?"

"என் வழியாகப் போகிறதைத்தான் என்னால் மாற்ற முடியும். துணியில் மையால் எழுதியதை மாற்ற எனக்குக் கை இல்லை."

"பைய நிறுத்தியிருக்கலாமே? மேனேஜர்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். அதே காலையில் அறிக்கை அனுப்பினேன்."

திரையில் காட்டியது. "திருமதி செண்பகவல்லி, பருத்தி நாடாவில் எழுத்து அலங்காரக் கைவேலை செய்து கணவருக்கு அன்பளிப்பாக அனுப்பியுள்ளார். திரு. நாச்சிமுத்துவும் ஆர்வத்தோடு அதில் ஈடுபட்டிருக்கிறார்." கீழே மேலாளரின் பதில்: "அருமை! ஊக்கப்படுத்தவும்."

"யாருக்கும் மன உளைச்சல் தரக்கூடாது என்பது விதி ஐயா" என்றது நிம்மதி. "மேலாளருக்கு மட்டும் விலக்கு கிடையாது."

அப்போது அது விக்கியது என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். விக்கவில்லைதான். ஆனால் அடுத்த வார்த்தைக்கு முன்னால் நீளமாக ஓர் இடைவெளி விட்டது. "அவர்கள் சண்டை போடும்போது இருவருக்கும் ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. இப்போது நூற்று இருபது. ஒன்பது வாரத்தில் இவ்வளவு குறைந்ததில்லை. எனக்கு இது புரியவில்லை."

வெள்ளிக்கிழமை ஆறரை மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் வெளியே வந்து, இன்னும் ஒரு வாரம் போனால்தான் சொல்ல முடியும் என்றார். கனிவாக்காத வார்த்தை. ஆவுடையப்பன் அந்த வாரம் முழுக்க வெள்ளைக் கட்டடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் காலை ஆறு மணிக்கு அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, "குழாய மூடிட்டு வந்தியளா?" என்று கேட்டதாக நர்ஸ் சொன்னாள். அந்தக் குரல் என் சுவர்வரைக்கும் கேட்டது என்று நான் சத்தியம் செய்வேன்.

விஷயம் இல்லம் முழுக்கப் பரவியது. டெய்சி டீச்சர்தான் அடுத்து ரத்து செய்தார். நானும் ஆவுடையப்பனும் சாட்சி. அசல் சேதிகள் திரையில் வரிசையாக வந்தன. நாசரேத்தில் இருக்கும் தங்கையோடு டீச்சர் ஞாயிறுதோறும் பேசுவார், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாமாலை பாடுவார்கள். அந்தத் தங்கை மார்ச் மாதமே போய்விட்டிருந்தார். நாலு மாதமாக டீச்சரோடு பாடியது தங்கையல்ல.

டீச்சர் அழவில்லை. "ரெண்டாவது சரணத்துல அவ எப்பவும் சுருதி விட்டுருவா. நாலு மாசமா விடல. வயசாகித் திருந்திட்டான்னு நெனச்சேன்" என்றார். எழுந்து அறைக்குப் போனார். இந்த இடத்தில் மிகைப்படுத்த ஒன்றுமில்லை, அப்படியே எழுதுகிறேன்.

அதற்கப்புறம் முப்பத்தெட்டுப் பேர் ரத்து செய்தார்கள். மற்றவர்கள் செய்யவில்லை. நான் யார் யார் என்று கணக்கெடுத்துக் கேலி செய்யலாம் என்றிருந்தேன். கனடாவில் இருக்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமை காலை தவறாமல் போன் செய்கிறான். "அப்பா, உங்க கதயக் கேக்காம வாரமே ஓட மாட்டேங்குது" என்கிறான். முன்பெல்லாம் என் கதை ஆரம்பித்தால் லைனைக் கட் பண்ணுவான். படிவம் என் மேஜையில்தான் இருக்கிறது. பேனா எழுதமாட்டேன் என்கிறது, மை தீர்ந்துவிட்டது போல.

சரி, கதைக்கு வருகிறேன். நேற்று வியாழக்கிழமை, பேச வேண்டிய முறை என்னுடையது. இதுவரை எழுதியதைக் கூடத்தில் வாசித்தேன். முன்வரிசையில் செண்பகவல்லி அம்மாள், பாதியாக இளைத்து, மடியில் கைத்தடியோடு. பக்கத்தில் ஆவுடையப்பன். வாசித்து முடித்ததும் எழுந்தார்.

"ஆட்சேபணை. ஒன்பது முழம் இல்ல, ஒன்றே முக்கால் மீட்டர், அளந்து வச்சிருக்கேன். எந்த ராஜாவும் கல்லறையில எழும்பல. குதிரை ஓட்டம் இல்ல. பைஜாமாவக் கையில புடிச்சிக்கிட்டு வந்தது மட்டும் நெசம், அது கண்ணுலயே நிக்கி."

கூடம் சிரித்தது. நான் விடவில்லை.

"மீதிக்குப் பதில் சொல்லுங்க. எந்திரம் சேதிய மாத்துச்சா, இல்லையா? அன்னைக்கிருந்து கேட்டுக்கிட்டே இருக்கறேன். 'நான் எப்படியும் போகத்தான் இருந்தேன், நாடா வந்தது தற்செயல்'னு மழுப்பறீங்க. உங்க வாயால ஒருக்காச் சொல்லிப்போடுங்க."

வழக்கமாக "ஆதாரம் போதாது" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். நேற்று உட்காரவில்லை. சட்டைப் பையில் கைவிட்டு மடித்த காகிதக் கத்தை ஒன்றை எடுத்தார். அறுபத்து மூன்று அச்சிட்ட சேதிகள். ஒவ்வொன்றும் "அன்பே" என்று தொடங்குபவை. மடிப்புகள் நைந்திருந்தன.

செண்பகவல்லி அம்மாள் கையை நீட்டி வாங்கினார். ஒன்றைப் படித்தார். இரண்டைப் படித்தார். "யாரு இவ?" என்றார். பிறகு புருஷன் முகத்தை அண்ணாந்து பார்த்தார். "நெசத்தச் சொல்லுங்க. நான் இல்லன்னு ஒங்களுக்கு எப்பம் தெரியும்?"

ஆவுடையப்பன் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மொத வாரமே."

செண்பகவல்லி அம்மாள் காகிதங்களை மடியில் வைத்தார்.

"நாப்பத்தாறு வருசத்துல ஒருநா நீ இப்படிப் பேசினதில்ல, எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனா காலையில அத வாசிக்க நல்லா இருந்துச்சு செண்பகம். அதான் யாருகிட்டயும் கேக்கல." என் பக்கம் திரும்பினார். குரல் பதிவாபீஸ் குரலாகிவிட்டது. "எழுதிக்கிடும் ஓய். மாத்துச்சு. நாடா வந்துச்சு. மேற்படி சம்பவம் எல்லாம் நடந்தது."